இலையின் அடிப்பக்கம்

தேனி மாவட்டத்துத் தேவாரம் என்ற ஊர்ப்பெயர் வெளியூர்ச் செய்தித்தாள்களில் அதிகம் அடிபட்டது நியூட்ரினோ என்ற நுண்துகளால்தான். பக்கத்தில் உள்ள பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள். மலையும் காடும் புலிகளின் வழித்தடமும் கெட்டுப்போகும் என்று 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. எந்த லென்ஸுக்கும் அகப்படாத ஒரு துகளின் பேரில் ஊர் பேசப்பட்டது. படம் எடுக்க வருகிறவர்களோ பெரியவற்றைத் தேடி வருகிறார்கள்: மேகமலையில் யானை, சுருளியில் அருவி, போடிமெட்டில் மேகம்.

துகளுக்கும் யானைக்கும் நடுவில் இன்னொரு உலகம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் தொடங்கி உள்ளங்கை அகலத்தில் முடிந்துவிடுகிற உலகம் அது. கம்பம் பள்ளத்தாக்கில் இந்த ஆண்டு யார் கடனை அடைப்பார், யார் நகையை அடகு வைப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த அளவில் வாழும் உயிர்கள்தான். மேக்ரோ லென்ஸ் அந்த அளவுக்கென்றே செய்யப்பட்ட கருவி. நம் ஊரில் அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதை நோக்கித் திருப்புவது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

விடிவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுகின்றன. அவர்கள் பறிக்கப்போகும் காயின் விலையைக் கெடுப்பதில் முன்னால் நிற்பது இலைப்பேன். நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பூக்கொத்திலும் பிஞ்சிலும் ஒளிந்து தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுகிறது. பிஞ்சு பருக்கப் பருக்க அந்தத் தழும்பும் விரிந்து சொறியாகிவிடுகிறது. சொறி விழுந்த காய்க்கு விலை இறங்கிவிடும். கீழே இறங்கினால் திராட்சையில் மாவுப்பூச்சி. தென்னையில், 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டுப் பிறகு எங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ. மக்காச்சோளத்தில், 2018இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்ட படைப்புழு. இவற்றோடு போராடும் குளவிகளும் பொறிவண்டுகளும் அதே அளவுலகத்தவைதான். ஏலப்பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீயும் அப்படியே.

ஆகவே இங்கே ஒருவர் மேக்ரோ லென்ஸ் வாங்கும்போது ஒரு பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார். எவ்வளவு பெரிதாக்கிக் காட்டலாம் என்பது இரண்டாவது கேள்வி. எந்த உயிரிடம், எவ்வளவு தூரத்தில், எந்த ஒளியில் நிற்கப்போகிறோம் என்பதே முதல் கேள்வி.

மேக்ரோ என்ற சொல் கடைகளில் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. செல்போன் பெட்டியிலும் அது அச்சாகியிருக்கிறது. கறாரான அளவு ஒன்றுதான்: பொருளின் உண்மையான அளவிலேயே அதன் பிம்பம் சென்சாரின் மேல் விழ வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். முழு அளவு சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24. ஒன்றுக்கு ஒன்றில் படம் எடுத்தால் 36 மில்லிமீட்டர் அகலமுள்ள உலகம் சட்டத்தை நிரப்பும். ஒரு தட்டான் அதற்குள் அடங்காது, சிறகு வெளியே போய்விடும். ஒரு ஏலக்காய் தாராளமாக அடங்கும். அந்தக் காயின் மேல் ஊரும் இலைப்பேனோ சட்டத்தின் அகலத்தில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் இருக்கும். ‘மேக்ரோ லென்ஸ் வாங்கிவிட்டால் எல்லாம் தெரியும்’ என்ற நினைப்பு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தட்டானுக்கு ஒன்றுக்கு ஒன்று அதிகம், இலைப்பேனுக்குப் போதாது. எதைப் பார்க்க விரும்புகிறோம் என்று தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

இந்த லென்ஸின் பிறப்பை நினைத்துப் பார்ப்பது நல்லது. சாதாரண 35 மில்லிமீட்டர் கேமராவுக்கென்று மேக்ரோ லென்ஸை 1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் நிறுவனம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நிக்கான் தன் முதல் மைக்ரோ நிக்கோரைச் செய்தது. அதன் நோக்கம் பூச்சியோ பூவோ அல்ல. புத்தகங்களையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் பதியும்போது, கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துகள் கலங்காமல் விழ வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். பக்கத்தின் நடுவும் ஓரமும் ஒரே கூர்மையில் இருக்க வேண்டும், நேர்கோடு வளையக் கூடாது. இன்றுவரை நல்ல மேக்ரோ லென்ஸ்களிடம் இந்தக் குணங்கள் இருக்கின்றன. வாசிப்பதற்காகப் பிறந்த கண்ணாடி இது. இலையையும் அதைக்கொண்டு வாசிக்க முடியும்.

அதற்கும் முன்னால் இந்த வேலையைக் கையால் செய்தவர்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர் 1914இல் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1940இல் டி.வி. ராமகிருஷ்ண ஐயர் தென்னிந்தியாவுக்கான பொருளாதாரப் பூச்சியியல் கையேட்டை எழுதினார். பயிரைத் தின்னும் புழு எது, அதன் கூட்டுப்புழு எப்படி இருக்கும், முதிர்ந்த அந்து எப்படி இருக்கும் என்று படம் வரைந்து காட்டும் மரபு அது. பின்னாளில் சென்னை லயோலா கல்லூரியிலிருந்து டி.என். அனந்தகிருஷ்ணன் இலைப்பேன் இனங்களுக்காகவே தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். ஒரு மில்லிமீட்டர் உயிருக்கு ஒரு வாழ்நாள் தகும் என்று தமிழ்நாட்டில் ஒருவர் நம்பியிருக்கிறார். மேக்ரோ படம் எடுப்பவர்கள் தங்களை இந்த வரிசையில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி லென்ஸுக்கு வருவோம். சந்தையில் கிடைக்கும் மேக்ரோ லென்ஸ்களைக் குவியத் தூரத்தை வைத்து மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்: 50, 60 மில்லிமீட்டர், 90இலிருந்து 105 வரை, 150, 180. ஒன்றுக்கு ஒன்று என்று குறித்தவை மூன்றிலும் உண்டு. பூச்சியின் பெரிதாக்கம் அப்போது ஒன்றேதான். வேறுபடுவது தூரம். ஒன்றுக்கு ஒன்றில் நிற்கும்போது 60இன் முகப்புக்கும் பூச்சிக்கும் இடையே பத்து சென்டிமீட்டருக்குள்தான் மிஞ்சும். 100இல் பதினான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் கிடைக்கும். 180இல் கால் மீட்டரை நெருங்கும். கடையில் நின்று பார்த்தால் இது சின்ன வித்தியாசம். சோளத்தாளில் உட்கார்ந்திருக்கும் தட்டானுக்கு முன் மண்டியிடும்போது, அது இருப்பதும் பறப்பதும் இந்தச் சில சென்டிமீட்டர்களில்தான் இருக்கிறது.

தூரம் கூடினால் ஒளிக்கும் இடம் கிடைக்கிறது. கிட்டப் போகப் போக லென்ஸின் நிழலே பூச்சியின் மேல் விழுகிறது. செல்போனின் மேக்ரோவில் உள்ள பெரிய குறை இதுதான்: இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் போக வேண்டியிருப்பதால், போனும் கையும் சேர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடுகின்றன. ஆனால் தூரத்துக்கும் விலை உண்டு. 180 கனமானது; கை நடுக்கத்தை அதிகம் காட்டும்; பணமும் கூட. அதன் பார்வைக் கோணம் குறுகியது என்பதால் பின்புலம் கரைந்து ஒரே நிறப் பரப்பாகிவிடும். அழகுக்கு அது உதவலாம், பூச்சி எந்தச் செடியில் இருந்தது என்று மட்டும் தெரியாது. நம் வட்டாரத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால் 90இலிருந்து 105க்குள் ஒன்றை எடுத்துக்கொள்வதே சரி. டாம்ரான் 90 மில்லிமீட்டர் மேக்ரோவை 1979 முதல் செய்துவருகிறது. பழையது கிடைத்தாலும் குறையில்லை. இந்த வேலையில் கையால் ஃபோகஸ் செய்வதே அதிகம்.

அந்த விலையும் எட்டாதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபில் கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய்தான். லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் பிம்பம் பெரிதாகிறது. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் குழாய் வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. 25 வைத்தால் பாதி. அதே குழாயை 200 மில்லிமீட்டர் லென்ஸில் மாட்டினால் பயன் குறைவு. கேமராவோடு வந்த 18–55 லென்ஸை ரிவர்ஸ் ரிங்கில் தலைகீழாக மாட்டும் வழியும் உண்டு. 18 பக்கம் திருப்பினால் உண்மை அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகலாம். இலைப்பேனின் முகம் அப்போதுதான் தெரியத் தொடங்கும். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நாலைந்து சென்டிமீட்டர்தான் மிஞ்சும். லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை மூடுவதும் சிரமம் என்பதால், இந்த முறைக்கு அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸைத் தேடி வாங்குவது நல்லது.

கருவியின் எளிமை படத்தின் எளிமையாகிவிடாது. தமிழ்நாட்டின் முன்னோடி இயற்கையாளர் மா. கிருஷ்ணன், பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிய கேமராவைத்தான் காட்டுக்குத் தூக்கிச் சென்றார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகள் இன்றும் பேசப்படுகின்றன. தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர் கருவியைத் தானே ஆக்கிக்கொள்வார் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

கிட்டப் போகும்போது இயற்பியல் இரண்டு இடங்களில் கையைப் பிடிக்கிறது. முதலாவது, கூர்மையின் ஆழம். ஒன்றுக்கு ஒன்றில், எஃப் 11இல்கூட, கூர்மையாக விழும் தகட்டின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டரைத் தொடாது. தேனீயின் கண் தெளிவாக இருந்தால் சிறகு கலங்கியிருக்கும். அபெர்ச்சரை இன்னும் மூடினால் ஆழம் கொஞ்சம் கூடும்; ஆனால் சிறிய துளையில் ஒளி சிதறி, படம் முழுவதுமே மங்கத் தொடங்கும். இரண்டாவது, வெளிச்சம். உண்மை அளவை எட்டும்போது சென்சாருக்கு வரும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைகிறது. எஃப் 11 என்று குறித்திருந்தாலும் நடப்பது எஃப் 22இன் வேலை.

அந்த மெல்லிய தகட்டை எங்கே வைப்பது என்பதில்தான் படம் எடுப்பவரின் அறிவு வெளிப்படுகிறது. கண்ணில் வை என்பது எல்லோரும் சொல்லும் விதி. உயிரோடு ஓர் உறவு தோன்ற அது போதும். ஆனால் மாவுப்பூச்சியைப் படமெடுக்கும்போது கண்ணால் ஆவதொன்றுமில்லை. அதன் உடலில் ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய வட்டத் துளை இருக்கிறதா என்பதுதான் கேள்வி, கூர்மை அங்கே விழ வேண்டும். படைப்புழுவில் தலையும் வாலும் முக்கியம். ஆகவே கேமராவைப் புழுவின் உடலுக்கு இணையாகப் பிடித்து, ஒரே தகட்டில் முழு நீளத்தையும் படுக்க வைக்க வேண்டும். எது அடையாளம் என்று தெரியாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அதைக் காட்டித் தராது.

பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முழுப் பூச்சியையும் கூர்மையாக்கும் ஸ்டாக்கிங் முறை இப்போது பரவியிருக்கிறது. கல்லூரி ஆய்வகங்களில் பாடம் செய்த மாதிரிகளுக்கு அது அருமையான முறை. வயலில் உயிரோடு அசையும் பூச்சிக்கு அது எளிதில் ஒத்துவராது. ஒத்துவர வைப்பதற்காகச் சிலர் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கச் செய்கிறார்கள், பசையால் ஒட்டுகிறார்கள், கம்பியில் நிறுத்திக் குடை பிடிப்பதுபோல் காட்டுகிறார்கள். இந்தப் படங்களுக்குப் பரிசும் கிடைத்துவிடுகிறது. வன்மையாக மறுக்க வேண்டிய பழக்கம் இது. உயிரை வதைத்து எடுத்த படம் பொய் சொல்கிறது. அந்தப் பூச்சி அப்படி நிற்காது, அப்படி வாழாது. நாளை யாராவது அதைப் பார்த்து ஏதாவது கற்றுக்கொள்ள முயன்றால் தவறாகவே கற்றுக்கொள்வார்.

ஆடி மாதம் இங்கே படம் எடுக்க முயன்றவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலை இடைவெளிகளில் புகுந்து இறங்கும் காற்று, மழையைக் கேரளத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் வந்து செடிகளை உலுக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே கூர்மை போய்விடுகிற வேலைக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. டிரைபாட் கேமராவை மட்டும்தான் நிறுத்தும், இலையை நிறுத்தாது. ஃப்ளாஷ் ஓரளவு கைகொடுக்கும்: குறைந்த சக்தியில் அது எரிவது விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் அசைவு உறைந்துவிடும். ஆனால் வெறும் ஃப்ளாஷ் பொறிவண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டை எரித்துவைக்கும். அதற்கு முன்னால் பட்டர் பேப்பரோ வெள்ளைத் துணியோ அகலமாகப் பிடித்துப் பூச்சிக்கு அருகே கொண்டுவந்தால் ஒளி மென்மையாகும். லென்ஸுக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியை இந்தத் துணிக்குச் செலவழித்தால் படம் தேறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை இறங்கிய பிறகு காற்றும் அடங்கும், புல்லும் தழைக்கும். அதிகாலைக் குளிரில் தட்டான்கள் பனி படிந்து அசையாமல் இருக்கும். பருவம் அறிந்து போவதும் இந்தக் கலையில் அடக்கம்.

நம் பள்ளத்தாக்கின் பயிர்கள் ஒவ்வொன்றும் படம் எடுப்பவரை ஒவ்வொரு விதமாக நிற்க வைக்கின்றன. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் அதன் பூக்கொத்து தூரடியிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டியே கிடக்கும். வெள்ளைப் பூவின் உதட்டில் ஊதா வரிகள் தேனீக்கு வழி காட்டும். விடியலுக்கு முன்னால் விரியும் பூ ஒரு நாள்தான் தாங்கும். அதற்குள் தேனீ வராவிட்டால் காய் இல்லை. அதைப் படமெடுக்க ஈரச் சருகில் படுக்க வேண்டும். அந்தப் பூக்கொத்தின் மடிப்புக்குள்ளேயே இலைப்பேனும் இருக்கிறது. பூச்சிமருந்தை அதிகம் வாங்கும் பயிர்களில் ஏலமும் ஒன்று. காயைக் கெடுப்பதும் காயைத் தருவதும் ஒரே பூவில், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதை ஒரு படம் காட்டிவிட்டால், மருந்தடிக்கும் நேரத்தைப் பற்றிய பேச்சு அந்தப் படத்திலிருந்தே தொடங்க முடியும்.

திராட்சை நேர் எதிர். கம்பம் பள்ளத்தாக்கில் கொடி தலைக்கு மேல் பந்தலில் படர்கிறது. ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த ரகத்தை நாம் பன்னீர் திராட்சை என்கிறோம். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தலுக்குக் கீழே நிற்கிறவருக்கு இலையின் அடிப்பக்கமே முதலில் தெரியும். வேறு பயிர்களில் புரட்டித்தான் பார்க்க வேண்டிய பக்கம் அது. அடிச்சாம்பல் நோய் அங்கேதான் எழுதப்படுகிறது. மேலே மஞ்சளாக எண்ணெய் படிந்ததுபோல் திட்டு. கீழே அதே இடத்தில் வெண்ணிறப் பூசணம். ஈரமான இரவுகளில் இலைத்துளைகளின் வழியே அது வெளியே நீள்கிறது. இதே நோயை எதிர்த்துத்தான் பிரான்ஸில் 1880களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பிறந்தது. நம் தோட்டங்களிலும் அந்த நீலத் திட்டை இலைகளில் பார்க்கலாம். பூசணத்தையும் நீலத்தையும் ஒரே இலையில், பாதி அளவுப் பெரிதாக்கத்தில் படமெடுத்தால், நூற்று நாற்பது ஆண்டுப் போராட்டம் ஒன்று ஒரு சட்டத்துக்குள் நிற்கும். வானம் இலைக்குப் பின்னால் வெளுத்துத் தெரியும் என்பதால் மெல்லிய ஃப்ளாஷ் இல்லாமல் அந்தப் படம் அமையாது.

மக்காச்சோளம் அடையாளத்தைக் கற்றுத்தரும் பயிர். படைப்புழு புதிதாக வந்தபோது, குருத்துக்குள் கிடக்கும் புழு எது என்பதே முதல் குழப்பம். சோளத்தைத் தின்னும் புழுக்கள் இங்கே ஏற்கெனவே இருந்தன. வளர்ந்த படைப்புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ வடிவக் கோடு இருக்கும். வாலுக்கு முந்தைய கணுவில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக நிற்கும். இந்த இரண்டும் தெரிந்த படம் ஒன்று இருந்தால் வேளாண் அலுவலர் தன் இடத்தில் இருந்தபடியே சொல்லிவிடலாம். விவசாயிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் பெரும்பாலும் பச்சையாக ஏதோ கலங்கித் தெரிகிறது. மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்துக் கையில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறார். கலங்கிய படத்துக்கும் தேவையில்லாத மருந்துக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. ஊரில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ மேக்ரோ தெரிந்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சும்.

எதிரியைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், நம் பக்கம் நிற்பவரையும் லென்ஸ் காட்ட வேண்டும். 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பயிர்கள் வெளுத்தன. எவ்வளவு மருந்தடித்தும் மெழுகுப் பூச்சுக்குள் இருந்த பூச்சி அடங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். உள்ளே வளரும் புழு அதைத் தின்று, குளவியாகி, உடலில் வட்டமாகத் துளையிட்டு வெளியே வரும். அந்தக் குளவிதான் பயிர்களைக் காப்பாற்றியது. துளை விழுந்த கூடுகள் நிறைந்த இலையைப் பார்த்தும் மருந்தடித்தால், காப்பாற்ற வந்தவரைக் கொல்கிறோம். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைப் பஞ்சாகத் தெரியும். மேக்ரோவில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். படத்தைப் பார்த்து மருந்துக் கையை நிறுத்த முடிகிற இடம் இது. மேக்ரோ லென்ஸுக்கு இதைவிட உயர்ந்த பயன் எனக்குத் தெரியவில்லை.

பயிரை விட்டு மலைக்கு ஏறினாலும் சின்னவற்றின் கதை முடிவதில்லை. தேனியைச் சேர்ந்த வனம் அமைப்பின் ஆய்வாளர்கள் மேகமலையில் கண்ட வெள்ளிவரையன் வகை வண்ணத்துப்பூச்சி ஒன்று, புதிய இனம் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. சிகாரைட்டிஸ் மேகமலையென்சிஸ் என்று மலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் 30 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கிடைத்த புதிய வண்ணத்துப்பூச்சி அது. வெள்ளிவரையன்கள் சிறகை மூடி உட்காரும்போது அடிப்பக்கத்தில் பட்டைகளும் அவற்றுக்குள் வெள்ளிக் கோடுகளும் தெரியும். ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பதில் அந்தப் பட்டைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இத்தனை பேர் ஏறி இறங்கிய மலையில் பெயரில்லாத ஓர் உயிர் இவ்வளவு காலம் இருந்திருக்கிறது. கிட்டப் போய், பொறுமையாக, பட்டையைப் பட்டையாகப் பார்த்தவர்களுக்கு அது தென்பட்டது.

மேக்ரோ படங்களில் இன்று ஓங்கியிருக்கும் ஒரு போக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஃப்ளாஷ் வெளிச்சம் பூச்சியோடு நின்றுவிடப் பின்புலம் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. பூச்சியின் ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. அது தேவாரத்தில் இருந்ததா, தாய்லாந்தில் இருந்ததா என்று தெரிவதில்லை. இடம் அறுந்துபோன உயிர் வெறும் வடிவமாகிவிடுகிறது. பெரிதாக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் இலை தெரியும். இலையின் காயம் தெரியும். இன்னும் விட்டுக்கொடுத்தால் வரப்பும் மலையும் தெரியும். அகலக் கோணத்தில் கிட்டப் போகும் லென்ஸ்கள்கூட வந்துவிட்டன. லாவோவாவின் 15 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று வரை போகும். அந்த எல்லையில் பூச்சிக்கும் கண்ணாடிக்கும் அரை சென்டிமீட்டர் இடைவெளியே இருக்கும். அந்த எல்லைக்குப் போகாமல், சற்றுப் பின்வாங்கி, வெட்டுக்கிளியையும் அதன் பின்னால் மேற்கு மலையின் முகட்டையும் ஒன்றாக எடுப்பவரின் படம்தான் இந்த மண்ணைச் சொல்லும். பெரிதாக்கம் ஒரு வழி. உறவைக் காட்டுவதே இலக்கு.

வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக என் முடிவைச் சொல்கிறேன். முதலில் டியூபும் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸும் வாங்குங்கள்; சில மாதம் வீட்டுக் கொல்லையிலும் வரப்பிலும் பழகுங்கள். பார்க்கும் ஆசை தங்கிவிட்டால் 90இலிருந்து 105க்குள் ஒரு மேக்ரோ. அதோடு ஒரு ஃப்ளாஷும் ஒளியைப் பரப்ப ஒரு வெள்ளைத் துணியும். இலைப்பேனின் அளவில் வேலை செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் அதற்கு மேல் போங்கள். தேவாரத்திலும் கோம்பையிலும் பண்ணைப்புரத்திலும் உள்ள பள்ளிகள் ஒரு பழைய கேமராவையும் டியூபையும் மாணவர் கையில் கொடுத்து, ஒரு பயிரை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடரச் சொல்லலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையமும் அருகிலேயே இருக்கின்றன. எடுத்த படத்தைக் காட்டிப் பெயர் கேட்கலாம். எடுக்கும்போது முதலில் முழுச் செடி, பிறகு இலை, பிறகு பூச்சி என்ற வரிசையில் எடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் செடியின் பெயர், இடம், தேதி ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். இவை இல்லாத படம் பார்க்க அழகாக இருக்கலாம். இவை உள்ள படம்தான் அடுத்த விவசாயிக்கும் அடுத்த ஆய்வாளருக்கும் உதவும்.